குடுபல்லிக்குத் திரும்பிய பச்சைக் கல்

1984 பிப்ரவரி 11, சனி. காலை 5.20க்குத் திருப்பதியில் சித்தூர் பேருந்து ஏறினேன். மடியில் துணிப்பை, அதில் 640 கிராம் எடையுள்ள பச்சைக் கல். கல்லூரி நிலவியல் ஆய்வகத்தில் பாறைத் துண்டுகளைக் கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்ப்பது என் வேலை. டிசம்பரில் குடுபல்லியருகே ஒரு கடலைக்காட்டு ஓரம் இந்தத் துண்டைச் சுத்தியலால் உடைத்தெடுத்தேன். எழுத்தில்லாத கல், வரப்புக்கல் என்று நினைத்தேன். அன்று என் முகவரி வாங்கிக்கொண்ட உள்ளூர்க் கிறிஸ்தவ சபை உபதேசியார் ஜனவரியில் கடிதம் எழுதினார். அது ஒரு குழந்தையின் தலைக்கல். ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைக்குப் பெயர் பொறிப்பது அந்தச் சபையில் வழக்கமில்லை. உடைந்ததைக் கண்ட நாள் முதல் தாய் எஸ்தரம்மா அந்தப் பக்கமே போவதில்லையாம்.

7.35, சித்தூர். பலமனேர் வழியாகக் குப்பம் செல்லும் வண்டி. கண்டக்டர் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா சார், திருப்பதிலர்ந்து எல்லாரும் லட்டு எத்துக்கினு வருவாங்க. நீங்க கல்ல எத்துக்கினு வரீங்க! குப்பத்துல கல்லுக்கா பஞ்சம்?"

"அங்க எடுத்ததுதான். திருப்பிக் குடுக்கப் போறேன்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பையை வைக்கத் தன் இருக்கையில் இடம் விட்டார்.

11.40, குப்பம். காபி 50 காசு. அங்கிருந்து குடுபல்லி சுமார் பத்து கிலோமீட்டர். பிறகு அந்தக் கடலைக்காட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. உபதேசியார் எஸ்தரம்மாவை அழைத்து வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"மல முழுக்கக் கல்லு கெடக்குது. இது ஒண்ணுதான் கெடச்சுதா உங்களுக்கு?"

உள்ளதைச் சொன்னேன். இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முன் கடலடியில் வெளிவந்த எரிமலைக் குழம்பு இது. தண்ணீர் பட்டதும் தலையணைபோல் உருண்டு உறைந்தது. விரிசல்களில் இறங்கிய கடல்நீர் ஆழத்தில் சூடேறி, பாறையில் சிலவற்றைக் கரைத்தெடுத்து, சிலவற்றை விட்டுவிட்டு மேலேறியது. இந்தப் பச்சை அப்படி வந்தது. அதைக் காட்டும் ஓரம் இவ்வளவு தெளிவாக வேறு எந்தக் கல்லிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

"அப்போ கடலுக்கடியில கெடந்த கல்லா?"

"ஆமாம்மா."

"அங்க உடையாதது உங்க கையில உடைஞ்சுது."

பையிலிருந்து துண்டை எடுத்தேன். அவரே தொடர்ந்தார். "தலகாணி மாதிரி இருக்குதுன்னுதான் எங்க வூட்டுக்காரரு தோள்ல தூக்கினு வந்தாரு. பத்து நாள் புள்ள."

மண்டியிட்டு, மண்ணில் நின்ற மீதிக் கல்லோடு துண்டைப் பொருத்தினேன். ஆய்வகத்தில் சீவல் எடுக்க அறுத்தபோது வாள் தின்ற கால் அங்குலம் மட்டும் சேரவில்லை. அந்த இடைவெளியில் அவர் கட்டைவிரலால் மண்ணை அடைத்தார். அந்தச் சீவலை ஒட்டித் தேய்த்த கண்ணாடித் தகட்டையும் கொடுத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் வெளிர்பச்சை விழுந்தது.

"இன்னா எழுதிக்குது இதுல?"

"நம்பர். நூத்திப் பதினேழு."

"சாலமோன்னு எழுதுங்க. இங்கதான் எழுத வுடல."

உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். எஸ்தரம்மா தகட்டை என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

திரும்பும்போது வழி நெடுக வெறும் பை மடியிலேயே இருந்தது.

பிப்ரவரி 13, திங்கள். திருப்பதி. ஆய்வகம் திறந்ததும் எண்ணைச் சுரண்டிவிட்டுச் சாலமோன் என்று எழுதினேன். பதிவேட்டில் 'எடுத்த இடம்' என்பதற்கு நேரே 'வரப்பு' என்றிருந்தது. அதை அடித்துத் திருத்தினேன்: 'கல்லறை. கேட்காமல் எடுத்தது.'