தவிர்க்க முடியாத காரணம்

இருபத்திரண்டு வருடம் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். போகும் வழியில் எந்தப் பெட்ரோல் பங்க் கழிவறையில் தாழ்ப்பாள் விழும், எதில் விழாது என்பதெல்லாம் இப்போது அவருக்கு மனப்பாடம். என்ன ஞானம்! அந்த ஞானமும் கைகொடுக்காமல் ஒரே மாதத்தில் மூன்று முறை, பயணிகளை நடுரோட்டில் உட்கார வைத்துவிட்டுப் புதருக்குள் ஓடிய மகராசன் அவர். பயணிகள் புகார் எழுதிப் போட்டார்கள். மேலாளர் விளக்கம் கேட்டார். 'தவிர்க்க முடியாத காரணம்' என்று எழுதிக் கொடுத்தார் நம்மவர். குடித்திருப்பான் என்று பணிமனை முழுக்கப் பேச்சு. வேலையே போகும் நிலை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

"குடிகாரன்னு பேர் வாங்கினாலும் வாங்குவீங்க, வயித்தால போகுதுன்னு சொல்ல மாட்டீங்க. நல்லா இருக்குங்க உங்க மானம்!" என்றாள் மனைவி. டாக்டரிடம் இழுத்துப் போனதும் அவள்தான்.

டாக்டர் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் எழுதினார்: பெருங்குடல் அழற்சி. நம்மவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எவ்வளவு கௌரவமான பெயர்! இதைச் சொன்னால் போதும், மீதி எதையும் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி முன் நின்று நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார், மடையன்.

மறுநாள் மேலாளர் அறையில் சான்றிதழை நீட்டி, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "எனக்குப் பெருங்குடல் அழற்சி சார்."

"அப்படின்னா?"

செத்தோம் என்று நினைத்தார். பக்கத்து மேசை குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"குடல் உள்பக்கம் வீங்கிப் புண்ணாயிடும் சார்."

"வயித்துவலி எனக்கும்தான் வருது. அதுக்காக பஸ்ஸ நிறுத்துவாங்களா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போகுது சார். ரத்தமாப் போகுது. வந்துட்டா அஞ்சு நிமிஷம்கூட அடக்க முடியல. ஒரு நாள் சீட்டுலயே..." அதற்கு மேல் முடியவில்லை, அழுதுவிட்டார்.

மேலாளர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். "அட மனுஷா, இத நேத்தே சொல்லக் கூடாதா? நீங்க குடிச்சிட்டு ஓட்டுறதா காலையிலதான் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினேன். இனி விசாரணைக் குழு முன்னாடி நீங்களே சொல்லியாகணும். அஞ்சு பேர் உட்காருவாங்க."

ஒருத்தரிடம் சொல்லவே உயிர் போய் வந்திருந்தது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்றேன் சார். டாய்லெட் பக்கத்துல இருக்குற ரூமாப் பாத்து வைக்கச் சொல்லுங்க."