கத்தாழைக் கயிறும் வேப்பங்கொழுந்தும்

போன மாதம் என் மகன் என்னை டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் சின்னப் பெண். நுனியில் மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்த குச்சியால் என் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதாம்மா? இப்பத் தெரியுதா?" என்று கேட்டாள். வலது காலில் தெரிந்தது. இடது காலில் ஓரிடத்திலும் தெரியவில்லை. அவள் முகம் வாடிவிட்டது. "சர்க்கரை மேல பழி போடாதீங்க, இது ஒம்பது வயசிலயே மரத்துப்போன காலுங்க" என்றேன். எப்படி என்று கேட்டாள். வெளியே ஏகப்பட்ட கூட்டம். நான் வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்பது தெரிந்த மகன் கடிகாரத்தைப் பார்த்தான். அதை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு சொன்னேன். உங்களுக்கும் அவசரம் ஒன்றும் இல்லையே?

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். திருச்செங்கோட்டுக்கு மேற்கே, நடந்து போனால் மூன்று மணி நேரம் ஆகும் தூரத்தில், தோட்டத்துக்கு நடுவே எங்கள் ஓட்டு வீடு. அப்பா, அம்மா, நான். அவ்வளவுதான் என்று சொன்னால் பொய். வரட்டி அடுக்கில் தேள் இருந்தது. கம்பு கொட்டிவைத்த குதிருக்கடியில் பூரான் இருந்தது. கிணற்றின் மேல்சுவர்ப் பொந்தில் ஒரு நல்ல பாம்பு இருந்தது. அதை அப்பா 'கெணத்துக்காரர்' என்பார். ஏற்றம் இறைக்க இறங்குமுன் இரண்டு முறை கை தட்டி, "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். அதுவும் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சொந்தக்காரர்களிடம்கூட அப்பா அத்தனை மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அந்தப் படையில் விடியற்காலை எழுந்து வரட்டி எடுக்கப் போகிறவர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது. சீமெண்ணெய்க்குத் தட்டுப்பாடு என்பதால் பொழுது சாய்ந்தால் வீட்டில் விளக்கு கிடையாது. கையை விடுமுன் தட்ட வேண்டும், காலை வைக்குமுன் குச்சியை ஊன்ற வேண்டும். எங்களுக்குப் படிப்பு அதுதான். பயந்ததாக நினைவில்லை. தேள் கொட்டினால் அழுதோம், மறுநாள் கடுப்பு இறங்கியதும் அதே அடுக்கிலிருந்து வரட்டி எடுத்தோம்.

வேப்பிலையைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. மாதம் ஒரு முறை வயிற்றுப் பூச்சிக்கு மருந்து. அப்பா வேப்பங்கொழுந்தை அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருட்டி என் வாயில் போடுவார். போட்டுவிட்டு, "கசக்குதா அம்மிணி?" என்று கேட்பார். "இல்லீங்கப்பா" என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு துண்டு கருப்பட்டி. "என்ற மவ கெட்டிக்காரி" என்று தலையில் ஒரு தட்டு. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும்போதே நான் "இல்லீங்கப்பா" என்றிருக்கிறேன். கருப்பட்டிக்காகவா, அந்தத் தட்டுக்காகவா என்று கேட்டால் இப்போது சொல்லத் தெரியவில்லை.

அன்று காலை கன்றுக்குட்டிக்குத் தீனி எடுக்கக் கடலைக்கொடிப் போருக்குப் போனேன். குச்சியால் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று கேட்காதீர்கள், அதைக் கேட்காத ஆள் அந்த ஊரில் பாக்கி இல்லை. இடது கணுக்காலுக்கு மேலே சுருக்கென்றது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு வால் கொடிக்குள் போவதைப் பார்த்தேன். அப்பா ஓடிவந்தார்.

"வரி இருந்துச்சா?"

"இருந்துச்சுங்கப்பா."

கட்டுவிரியன் என்று முடிவாகிவிட்டது. கன்று கட்டியிருந்த கத்தாழைக் கயிற்றை உருவி என் முழங்காலுக்குக் கீழே கட்டினார். பிறகு மரத்திலிருந்து ஒரு கொத்து வேப்பங்கொழுந்தை ஒடித்து வாயில் திணித்தார். விஷம் ஏறியிருந்தால் வேம்பு கசக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அது அப்போது எனக்குத் தெரியாது.

"கசக்குதா அம்மிணி?"

"இல்லீங்கப்பா" என்றேன்.

எட்டிக்காய் மாதிரி கசந்தது. ஆனால் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். சொல்லிவிட்டுக் கருப்பட்டிக்காக அவர் கையைப் பார்த்தேன். அவர் கயிற்றுக்குள் ஒரு குச்சியைச் செருகி, முறுக்கி, இன்னும் இறுக்கினார்.

வண்டியில் போட்டுக் குலுக்கினால் விஷம் தலைக்கு ஏறிவிடும் என்று என்னைத் தூக்கிவந்து வீட்டுத் திண்ணையிலேயே கிடத்தினார்கள். வைத்தியரைக் கூட்டிவர அப்பா திருச்செங்கோட்டுக்கு நடந்தே கிளம்பினார். மலைப்படியில் கல்லில் செதுக்கிய பெரிய பாம்பு ஒன்று உண்டு. அதற்குக் குங்குமம் வைத்து வேண்டிக்கொண்டு, அப்புறம் வைத்தியரிடம் போவதாகச் சொன்னார். போகுமுன் அம்மாவிடம் கயிற்றைக் காட்டினார்.

"நான் வார வரைக்கும் இதை ஆரும் தொடப்படாது. கட்டுனவன்தான் அவுக்கோணும். வேற கை பட்டா புள்ள நம்மளுக்கு இல்ல."

அம்மா தலையாட்டினாள். துணைக்கு அடுத்த தோட்டத்துப் பாவாயி பெரியம்மா வந்து உட்கார்ந்தாள். கால் வெடித்துவிடும் போல வலித்தது. "அவுத்துவுடும்மா" என்று எத்தனை முறை கெஞ்சினேனோ. "அப்பா வந்துருவாரு சாமி, செத்த பொறுத்துக்கோ" என்பதையே அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். உச்சிப் பொழுதுக்கு வலி நின்றுவிட்டது. கால் நாவல்பழ நிறத்தில் இருந்தது. அதன்மேல் எறும்பு ஊர்ந்து போனதைப் பார்த்தேன், ஊர்வது தெரியவில்லை. யாரோ தங்கள் காலை என் பக்கத்தில் மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"வலி நின்னுருச்சா? அப்ப நல்லதுக்குத்தான்" என்று பாவாயி பெரியம்மா உலக்கையை எடுத்துக்கொண்டு, பாம்பைத் தேடி அடிக்கக் கடலைக்கொடிப் போருக்குப் போனாள். அந்த நேரத்தில் கால் திடீரென்று நெருப்புப் பட்டது போல எரிந்ததாகவும், நான் வீறிட்டுக் கத்தியதாகவும் ஒரு ஞாபகம். பிறகு மறுபடியும் ஒன்றும் தெரியவில்லை. பெரியம்மா பாம்பை அடித்துக் கொண்டுவந்து கூடையைக் கவிழ்த்து மூடிவைத்தாள்.

வெயில் தாழ அப்பா வைத்தியரோடு வந்தார். அப்பாவின் விரலெல்லாம் குங்குமம். வைத்தியர் முதலில் கூடையைத் தூக்கிப் பார்த்தார். பாம்பைக் குச்சியால் புரட்டினார். பிறகு மெதுவாக, "ஏனுங்க, இது கட்டுவிரியன் இல்லீங்களே. வரி அப்படி இருக்கும், அவ்வளவுதான். இதுக்கு வெசமே கெடையாதுங்க" என்றார். யாரும் சந்தோஷப்படவில்லை. எல்லோரும் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிச்சு அப்பாவின் கைக்கு வரவில்லை, அரிவாளால்தான் அறுத்தார்.

இரண்டு விரல்கள் கறுத்து உதிர்ந்தன. பாதம் மரத்தது மரத்ததுதான். நடந்தால் தரையில் 'பட்' 'பட்' என்று அறையும். நான் வருவது ஊருக்கே முன்கூட்டித் தெரியும், பாம்புகளுக்கும்தான். அப்பா அதற்குப் பிறகு எனக்கு வேம்பு அரைத்துக் கொடுக்கவில்லை. கன்றுக்குட்டியைக்கூட அம்மாதான் கட்டினாள். பாம்பு எது என்று தெரியாமல் பெற்ற மகளின் காலைக் கட்டிக் கெடுத்தவன் என்று தன்னையே நொந்துகொண்டு செத்தார். நான் வேம்பு கசந்தது என்று சொல்லியிருந்தால் அந்தக் குச்சியைச் செருகி முறுக்கியிருக்க மாட்டார். அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை.

அம்மா படுக்கையில் விழுந்த வருஷம், ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கிண்ணத்தைத் தள்ளினாள்.

"அம்மிணி, உன்ற கிட்ட ஒண்ணு சொல்லோணும். அன்னைக்குப் பாவாயி போருக்குப் போனப்ப நான் அந்தக் கயித்தை அவுத்துட்டன். உன்ற காலைப் பாக்க முடியல. நீ கத்துன கத்துல பயந்துபோயி மறுக்கா கட்டிட்டன். உங்கப்பன் அங்க மலையில வேண்டிக்கிட்டு இருக்கறப்ப நான் இங்க கை வெச்சுட்டன். அதுலதான் உன்ற காலு போச்சு."

விஷமே இல்லை என்று தெரிந்த பிறகுமா என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்த பிறகும்தான். தொடாதே என்றதைத் தொட்டோம், சாமி கேட்டுவிட்டது என்று அத்தனை வருஷம் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, கஞ்சியக் குடி" என்றேன். அவள் இன்னும் ஏதோ சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்தாள். வேப்பங்கொழுந்து விஷயம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அவள் கை பட்டதால்தானோ என்று எனக்குள்ளும் ஒரு மூலையில் இருந்தது. அந்த மாதமே போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

இத்தனையையும் கேட்ட டாக்டர் பெண் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னாள்: "காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அப்படியே இறுக்கிக் கட்டியிருந்தா முழங்காலோட எடுத்திருப்பாங்கம்மா. உயிருக்கே ஆபத்து. நடுவுல உங்கம்மா அவிழ்த்துவிட்டாங்க பாருங்க, அதனாலதான் கால் மிஞ்சியிருக்கு." சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தாள்.

மகன் தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அந்த வழியாகவே காரை விட்டான். தோட்டம் என்று சொல்லக்கூடாது, விற்று எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. கிணற்றை மூடிச் சிமெண்டு போட்டுவிட்டார்கள். கெணத்துக்காரர் எங்கே போனாரோ. அங்கே இருக்கிற காவல்காரப் பையன் பாம்பை நேரில் பார்த்ததே இல்லை என்றான். கடலைக்கொடிப் போர் இருந்த இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அம்மாவிடம் சொல்ல இப்போது எனக்கு இரண்டு விஷயம் இருக்கிறது.

"என்னம்மா, ஒரு மாதிரி இருக்கறீங்க? காலு நோவுதா?" என்று மகன் கேட்டான்.

"இல்ல சாமி" என்றேன். கருப்பட்டி கொடுக்க ஆள் இல்லை, பழக்கம் மட்டும் போகவில்லை.