கமராவுக்குப் போடாத பூட்டு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒருத்தரிடமும் கையேந்தியதில்லை, தெரியாது என்று ஒருத்தரிடமும் சொன்னதுமில்லை. அந்த இரண்டாவது வீம்புதான் என்னை மாட்டிவிட்டது.

வெள்ளவத்தையில், கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். ஒருமுறை வழுக்கி விழுந்த பிறகு, கனடாவில் இருக்கும் மூத்த மகள் ஹோலில் ஒரு கமரா பூட்டுவித்தாள். விடியத் தேத்தண்ணியோடு அதன் முன்னால் நின்று கோப்பையைத் தூக்கிக் காட்டுவேன். அங்கே அவளுக்கு இரவு, பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். குளித்துவிட்டு வந்து ஹோலில் விசிறிக்குக் கீழேதான் சேலை உடுப்பேன். அதற்கு முன் கமராவின் மேல் ஒரு துவாயைப் போடுவேன். சில நாள் மறந்துபோகும். மகள்தானே என்று இருந்துவிடுவேன்.

பூட்ட வந்தவர் அன்றைக்கே கேட்டார்: "அம்மா, என்ன பாஸ்வேர்ட் போட?"

"என்ர கதவில ரெண்டு பூட்டுக் கிடக்கு. இதுக்கும் ஒண்டோ? வேண்டாம்."

உண்மை வேறு. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டி எழுதுவேன். இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. அதை அந்த மனிசருக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

போன மாதம் இன்டர்நெட் கம்பனிக்காரர் வந்து இன்டர்நெட் பெட்டியில் ஏதோ மாற்றினார்கள். பழைய முகவரி எண்கள் தட்டுப்பாடாம். இனி நீளமான புது எண்களாம். நல்லது என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

மூன்று கிழமை கழித்து, ஒரு ஞாயிறு, தெஹிவளையிலிருந்து இளைய மகளின் பெண் வந்தாள். அவளுக்கு ஒரு கந்தோரில் இந்த இன்டர்நெட் வேலைதான். பெட்டியோடு கொஞ்ச நேரம் மினக்கெட்டு, ஒரு நீள எண்ணைக் குறித்துக்கொண்டு, கறிவேப்பிலை வாங்கக் காலி வீதிக்கு இறங்கினாள். சற்று நேரத்தில் போன் அடித்தது.

"அம்மம்மா, ஹோலில இருந்து வெண்டிக்காய் வெட்டுறீங்கள் என்ன? அந்தப் பெரிசு முத்தல், எறியுங்கோ."

"ஆரடி உனக்குச் சொன்னது?"

"கடை வாசல்ல நிண்டு என்ர போனில பாக்கிறன். பாஸ்வேர்ட் ஒண்டும் கேக்கேல்லை."

கத்தியைக் கீழே வைத்தேன். முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் துவாய்தான்.

ஓடி வந்து விளங்கப்படுத்தினாள். "முந்தி முழு வீட்டுக்கும் வெளியில ஒரு எண்தான். பெட்டி வாசல்ல நிண்டு மறிக்கும். இப்ப கமராவுக்கும் தனி எண். காவலைப் பழைய எண்ணுக்கு மட்டும் போட்டிட்டுப் புதுசைத் திறந்து விட்டிருக்கினம்."

எங்கள் கட்டடத்துக்குக் கடற்பக்கம் புதுக் கேற் திறந்தபோதும் இதே கதைதான். காவல்காரர் பழைய கேற்றிலேயே கதிரை போட்டு இருந்தார். புதுக் கேற்றால் வந்த மீன்காரர் மூன்றாம் மாடியில் நின்று என் கதவைத் தட்டினார். அன்றைக்குச் சத்தம் போட்டது நான்தான்.

"கமராவிலயாவது ஏன் ஒரு பாஸ்வேர்ட் போடேல்லை?"

"எனக்கு அந்த எழுத்துத் தெரியாது பிள்ளை."

சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "எனக்கு மீன் வெட்டத் தெரியாது. அதுக்காகச் சுறாவை முழுசா விழுங்கிறனே?"

"வேற ஆரும் பாத்திருப்பினமோ?"

"பொறுங்கோ. ஆர் ஆர் பாத்ததெண்டு கமராவே பதிஞ்சு வைச்சிருக்கும்." கீழிருந்து மேலாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பெரியம்மா. பெரியம்மா. திரும்பவும் பெரியம்மா. கடைசியா நான். வேற ஒரு சனமும் இல்லை."

"முருகா" என்று அந்தக் கதிரையிலேயே இருந்துவிட்டேன்.

புது எண்ணுக்கும் காவல் போட்டுவிட்டு, சோதித்துப் பார்க்க மறுபடி வீதிக்கு இறங்கினாள். போனில் கூப்பிட்டதும் நான் கமராவைப் பார்த்து நாக்கை நீட்டினேன்.

"இப்ப என்ன செய்யிறன், சொல்லு பாப்பம்?"

"தெரியாது அம்மம்மா."

அந்தச் சொல் இவ்வளவு இனிக்கும் என்று எனக்கு எழுபத்தெட்டு வயதுவரை தெரியாது.

பிறகு பாஸ்வேர்டுக்கு எட்டு இங்கிலீஷ் எழுத்தைப் பெரிதாகக் கீறித் தந்தாள். பார்த்துப் பார்த்து என் விரலாலேயே அமத்தினேன். மனப்பாடமானதும் தாளைக் காஸ் அடுப்பில் பிடித்து எரித்தேன். மூத்த மகளுக்கும் அதைப் போனில் சொன்னாள்; அவள் பார்ப்பது கமராக் கம்பனியின் வழியாலாம், அது அடைபடவில்லையாம். மறுநாள் விடிய வழக்கம்போலக் கோப்பையைத் தூக்கிக் காட்டினேன். துவாய் இப்போது கமராவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது.

இதையெல்லாம் எழுத்துக் கூட்டி எழுதி வந்த கொப்பி முடியப் போகிறது. பேத்தி வந்து பக்கத்தில் இருக்கிறாள். இந்தா பிள்ளை, இதை முதலிலிருந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. ஆறுதலா வாசி. அந்த எட்டு எழுத்தும் என்ர புத்தி தடுமாறி இந்தக் கொப்பியில எங்கயாவது விழுந்து கிடக்கோ எண்டும் பார்.