சின்னத் தாழி

கோடை விடுமுறையில் பூதலூரிலிருந்து ரயிலேறி, மகள்கள் இருவரையும் தஞ்சாவூரில் ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். ஐந்து வயதான இளையவள் ஒரு சின்ன மண்தாழியின் முன் நின்றுவிட்டாள்.

“இது எதுக்கும்மா?”

அந்தக் காலத்தில் இறந்தவர்களை இப்படித் தாழியில் வைத்துப் புதைப்பார்கள் என்றேன்.

“இவ்ளோ சின்னதுலயா?”

மூத்தவள் பக்கத்திலிருந்த அட்டையைப் படித்து, “இது பாப்பாவோடதாம்டி” என்றாள்.

இளையவள் முகம் மாறிவிட்டது. “பாப்பா எங்க? அதோட அம்மா தேடுவாங்கல்ல?”

அருகில் நின்ற காவலாளியைப் பார்த்தேன்.

“தாழி மட்டுந்தாங்க எங்ககிட்ட வந்துச்சு” என்றார் அவர், சங்கடத்தோடு.

மதியம் பூட்டும் நேரம். தாழியைச் சுற்றியிருந்த தடுப்புக் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூக்கி வந்தேன். ரயிலில் தூங்கும்வரை அழுதாள். என்னால் முதுகைத் தடவிக் கொடுக்க மட்டுமே முடிந்தது.