செப்பு அண்டாவில் விட்ட தங்கமீன்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது ஐந்து, செத்துப்போன நாத்தனாரின் மகன் ஒருத்தன், ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஒருத்தரும் சோடை போகவில்லை. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அம்புட்டுத்தான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் சின்ன மகன் வீட்டுப் பேத்தி எழுதுகிறாள்.

போன வாரம் மகன் ஒரு தங்கமீனும் அதைப் போட்டு வைக்க உருண்டையாக ஒரு கண்ணாடிக் கிண்ணமும் வாங்கி வந்தான். பேத்திக்குக் கிண்ணம் பிடிக்கவில்லை. "இதுல அது திரும்பக்கூட எடமில்லப்பா. பெரிய தொட்டி வேணும்" என்று போனைக் காட்டிக் காட்டி அப்பனோடு சண்டை பிடித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"எதுக்கு ரெண்டு பேரும் மல்லுக்கட்டுறீக? பரண்ல எங்க அம்மாவோட செப்பு அண்டா கெடக்கு. எறக்கி, புளி போட்டு வெளக்கி அதுல விடுங்க. நான் வளக்காத தங்கமீனா" என்றேன்.

பேத்தி போனில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு ஒரு பதில் சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மீன் கதை.

அப்போது எங்கள் விளாங்குடி மதுரையோடு சேராத தனி ஊராகத்தான் இருந்தது. எனக்கு ஒன்பது வயது, தங்கச்சிக்கு ஆறு. சித்திரைத் திருவிழாக் கடையில் இருந்து சித்தப்பா ஒரு பாட்டிலில் தங்கமீன் கொண்டுவந்தார். என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். வெயிலில் தூக்கிப் பிடித்தால் குத்துவிளக்குச் சுடர் மாதிரி அசைந்தது. பாட்டில் கொண்டுவருவதற்குத்தான், வீட்டில் பெரிய பாத்திரமாகப் பார்த்து மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். எந்தப் பாத்திரம் என்பதில்தான் வினை வந்தது.

அம்மா ஊறுகாய் ஜாடியைக் காட்டினாள். தங்கச்சி என் பாவாடையைப் பிடித்து இழுத்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற கல்தொட்டி அங்கே இருந்தது. அடியெல்லாம் பச்சைப் பாசி.

"இதுல விடுவோம்க்கா. தவளைக் குஞ்செல்லாம் இதுல நல்லாத்தான இருக்கு. இதுவும் இருக்கும்."

"ஏண்டி, மாடு வாய் வச்ச தண்ணியிலயா தங்கமீன விடுவாக? புத்தி போகுது பாரு" என்றேன்.

நான் தேர்ந்தெடுத்தது செப்பு அண்டா. அம்மாவுக்குச் சீராக வந்தது, விசேஷத்துக்கு மட்டும் இறங்கும். கெஞ்சிக் கூத்தாடி இறக்க வைத்தேன். புளியும் உப்பும் செங்கல் பொடியும் போட்டு, கை எரிய எரிய ஒரு மத்தியானம் முழுக்க விளக்கினேன். கிணற்றுத் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி மீனை விட்டபோது, எது செம்பு, எது மீன் என்று தெரியாத அளவுக்கு மினுங்கியது. தெருவில் இருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். "பெரியவ கெட்டிக்காரி" என்று ஒரு அத்தை சொன்னது இன்னமும் காதில் இருக்கிறது.

மறுநாள் தங்கச்சி ஓடிவந்தாள். "அக்கா, அது மேல வந்து வந்து வாயத் தொறக்குது. ஒடம்புக்குச் சேரலையோ?"

"அது என்னையக் கூப்பிடுதுடி. ஒனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் பாவம், பசிக்கிறது என்று நினைத்து இரண்டு பொரியைக் கிள்ளிப் போட்டிருக்கிறாள். அதற்கு அடுத்த நாள் காலையில் மீன் பக்கவாட்டில் மிதந்தது. பக்கத்தில் ஊறிப்போன பொரி. எல்லாரும் தங்கச்சியைப் பார்த்தார்கள்.

"ரெண்டே ரெண்டுதாம்மா போட்டேன்" என்றாள்.

"பொய்யி. கை நெறையப் போட்டா. நான் பாத்தேன்" என்றேன்.

நான் பார்க்கவில்லை. என் அண்டாவைக் குறை சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் வாயில் வந்தது அது.

அம்மா அவளை விளக்குமாற்றால் இரண்டு போடு போட்டாள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு என்னை மட்டும் கூட்டிப்போனார்கள். அவளுக்கு என்று வாங்கிய சவ்வுமிட்டாயையும் வருகிற வழியில் நான்தான் தின்றேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் 'மீனுக்குச் சோறு போட்டுக் கொன்னவ' என்ற பேர் அவளுக்கு நின்றுவிட்டது. கல்யாண வீடு, காதுகுத்து வீடு என்று நாலு பேர் கூடுகிற இடத்தில் எல்லாம் அந்தக் கதை வரும். பாதி நேரம் எடுத்துக் கொடுக்கிறவள் நான். அவள் தலைப்பிள்ளை பெற்று வந்தபோது, "பாத்துப் பாலக் குடுடி, மீன் கதையாயிறப் போகுது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இன்றைக்கும் தங்கச்சி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். "வைக்கவா? போதுமா? ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுல்ல?" என்று இரண்டு தடவை கேட்காமல் ஒரு பிடி சோறு இலையில் விழாது. கை இறுக்கமானவள் என்று அவள் முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கிறோம்.

இப்போது பேத்தி சொன்னதைச் சொல்கிறேன்.

"அப்பத்தா, செம்புப் பாத்திரத்துல மீன விடவே கூடாதாம். தண்ணியில செம்பு எறங்கிச் செத்துப்போகுமாம். புளி போட்டுப் பளபளன்னு வெளக்குனா இன்னும் வேகமா எறங்குமாம்."

"பாசி பிடிச்ச கல்தொட்டின்னா?" என்று கேட்டேன்.

"அதுல விட்டா நல்லா இருக்கும்" என்றாள்.

செம்பு மீனுக்கு ஆகாது என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. அதற்காக என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் சொன்ன பொய் அந்த அண்டாத் தண்ணீரோடு போய்விடாது, ஆறு வயசுக் கையில் ஏறிக்கொண்டு அறுபது வருஷத்துக்கு மேல் கரண்டியைப் பிடித்து நிறுத்தும் என்பதும் எனக்குத் தெரியாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி ஒத்தக்கடையில் இருந்து வருகிறாள். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. வாயால் சொன்னால் நடுவில் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துவிடுவேன். அதனால்தான் அவளுக்குப் படித்துக் காட்ட இதை எழுதச் சொன்னேன்.

போதும் ஆத்தா, பேனாவ வையி. எங்க, முதல்ல இருந்து ஒருக்காப் படி. 'நான் பார்க்கவில்லை'ன்னு சொன்னேன்ல, அது இருக்கான்னு கேக்கணும். அந்த எடம் வரும்போது மெதுவாப் படி.