லாசரஸின் பிஸ்கட் டப்பா

ஜெயவேலுவுக்கு உலகத்தில் யார் மேலும் பொறாமை கிடையாது, லாசரஸ் ஒருத்தனைத் தவிர. அதுவும் லாசரஸின் முகத்தையோ அவன் பெண்டாட்டி ஹில்டாவின் டீச்சர் வேலையையோ பார்த்து வந்த பொறாமை இல்லை. அவன் பாதங்களைப் பார்த்து வந்தது.

இரண்டு பேரும் எழுபத்தோராம் வருஷத் தொடக்கத்தில், குரோம்பேட்டைப் பக்கம் இரும்பு வார்க்கிற ஒரு கம்பெனியில் ஒரே நாளில் டெம்பரரியாகச் சேர்ந்தவர்கள். உலையிலிருந்து உருகிய இரும்பை வாளியில் பிடித்து அச்சுகளில் ஊற்றுகிற வேலை. வாளியின் இரண்டு பக்கமும் நீளக் கம்பி உண்டு. முன்பக்கக் கம்பி லாசரஸுக்கு, பின்பக்கம் ஜெயவேலுவுக்கு. ஒருத்தன் தடுமாறினால் மற்றவன் காலில் இரும்பு கொட்டும். அதனால் தோல் பூட்ஸ் கட்டாயம். சாப்பாட்டு நேரம் தவிர எவனாவது பூட்ஸைக் கழற்றினால் ஃபோர்மேன் சத்தியநாதன் அவனை அப்படியே கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்.

ஜெயவேலுவின் கால்கள் சாதாரணக் கால்களா? செம்பாக்கம் ஏரிக்கரையில் கருவேல முள்ளை மிதித்து, முள்ளையே ஒடித்த கால்கள் என்று அவன் பெருமையடிப்பான். அந்தக் கால்கள் பூட்ஸுக்குள் போன பத்தாம் நாள் சரணாகதி அடைந்தன. கணுக்காலிலிருந்து விரல் இடுக்கு வரை வேர்க்குரு, கேழ்வரகைக் கொட்டிப் பரப்பியதுபோல. கத்திரி வெயில் வந்ததும் அது நெருப்பாக எரிந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது எங்கே சொறிவது? பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பான். முன்னால் லாசரஸ் மாப்பிள்ளை ஊர்வலம் போகிறவன் மாதிரி அடியெடுத்து வைப்பான். ஜெயவேலுவுக்குக் காலைவிட வயிறுதான் அதிகமாக எரிந்தது.

சும்மா இருந்தானா என்றால், இல்லை. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு பூட்ஸ் போட்டான். வேர்வை வெளியே போக வழியில்லாமல் குரு இரட்டிப்பானது. அரை டப்பா பவுடரைக் கொட்டினான். மத்தியானத்துக்குள் அது தோசை மாவாகிவிட்டது. லாசரஸ் வெள்ளைப் பருத்திச் சாக்ஸ்தானே போடுகிறான், நாம் உசத்தியாகப் போடுவோம் என்று தாம்பரம் மார்க்கெட்டில் பளபளவென்று நைலான் சாக்ஸ் வாங்கினான். பூட்ஸும் அப்படித்தான். லாசரஸ் அரை விரல் பெரிய அளவாகக் கேட்டு வாங்கியபோது, "இன்னாபா, படகா ஓட்டப்போற?" என்று சிரித்துவிட்டு இவன் காலைக் கவ்விப் பிடிக்கிற அளவில் வாங்கிக்கொண்டான்.

அவன் மனைவி தையல்நாயகி காலைப் பார்த்துவிட்டு, "அந்த லாசரு அண்ணன் கால் நல்லாத்தானே கீது? அவரையே கேட்டா இன்னா?" என்றாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியதுபோல் இருந்தது. இருந்தாலும் மறுநாள் கேட்டான்.

"இன்னா மருந்து மச்சான் போடற?"

"மருந்தா? ஒண்ணும் இல்ல மச்சான். மத்தியானம் பூட்ஸக் கழட்டி, காலைக் கழுவித் தொட. விரல் சந்துகூட நல்லாக் காயணும். அப்புறம் சாக்ஸ மாத்திக்கோ. ஈரத்தோட வுட்டாத்தான் குரு கெளம்புது. மிலிட்டரில எங்க அண்ணன் அப்படித்தான் செய்வாரு."

ஜெயவேலு தலையாட்டினான், ஆனால் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. எவனாவது நிஜ ரகசியத்தைப் போட்டியாளனிடம் சொல்வானா? லாசரஸ் தினமும் மத்தியானம் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மணல் குவியலுக்குப் பின்னால் போவதை இவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மிலிட்டரி அண்ணன் அனுப்பிய களிம்பு அந்த டப்பாவுக்குள் இருக்கிறது. சந்தேகமே இல்லை.

அந்த வாரம்தான் சத்தியநாதன் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "பர்மனென்ட் ஒரு இடம்தான் வந்திருக்கு. திங்கட்கிழமை ஒருத்தர் பேர் அனுப்பணும்" என்றார். சொல்லும்போது அவர் பார்வை லாசரஸ் பக்கம் போனது. ஜெயவேலுவுக்கு அது போதும்.

வியாழக்கிழமை காலையில் டப்பாவைத் திருடினான். மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து திறந்தால், மடித்த பழைய துண்டு ஒன்று, வெள்ளைச் சாக்ஸ் ஒரு ஜோடி. சாக்ஸின் வாய் ஓரத்தில் ஹில்டா பச்சை நூலால் அடையாளம் தைத்திருந்தாள். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினான். களிம்பு இல்லை, ஒரு சிட்டிகைப் பவுடர்கூட இல்லை. இவ்வளவுதானா என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்திலேயே நைலானைப் பிடுங்கி எறிந்தான், காலைக் கழுவினான், துண்டால் துடைத்தான், காற்றில் ஆறவிட்டு லாசரஸின் சாக்ஸை மாட்டிக்கொண்டான்.

அன்று பிற்பகல் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. வெள்ளிக்கிழமை அரிப்பே தெரியவில்லை. அந்தப் பாவி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்! அதை நினைக்க நினைக்க ஜெயவேலுவுக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

லாசரஸ் டப்பாவைத் தேடினான். கிடைக்கவில்லை. "ஞாயித்துக்கெழம தாம்பரம் போயி வேற வாங்கிக்கணும்" என்று மட்டும் சொன்னான். அதுவரை மாற்றுச் சாக்ஸ் இல்லாமல், காலையில் போட்ட ஈரச் சாக்ஸோடுதான் சாயங்காலம் வரை நின்றான்.

சனிக்கிழமை, வாளி நிறைய இரும்போடு நடக்கும்போது லாசரஸின் கால் ஓர் அடி பின்வாங்கியது. வாளி ஆடியது. ஒரு கை அளவு இரும்பு சிந்தி, ஜெயவேலுவின் பூட்ஸுக்கு அருகே மணலில் விழுந்து பொறி பறந்தது. ஜெயவேலுவுக்கு உயிர் போய்விட்டு வந்தது.

சத்தியநாதன் ஓடி வந்தார். "உன் பேரைத்தான் எழுதலாம்னு இருந்தேன், லாசரஸ். இனிமே எப்படி எழுதறது?"

"என் தப்புதான் சார்" என்றான் லாசரஸ்.

ஆறு மாதமாக ஜெயவேலு கேட்க ஏங்கிய திட்டு அது. காதில் விழுந்தபோது அவனால் சந்தோஷப்பட முடியவில்லை.

வேலை முடிந்து குழாயடியில் லாசரஸ் பூட்ஸைக் கழற்றினான். கணுக்கால் முழுக்கச் சிவப்பு. ஜெயவேலு தன் பூட்ஸைக் கழற்றாமல் நின்றான்.

"சாக்ஸ் அளவா கீதா மச்சான்?" என்றான் லாசரஸ், நிமிர்ந்து பார்க்காமல்.

ஜெயவேலு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "எப்பத் தெரிஞ்சிச்சி?"

"வியாழக்கெழமையே. நீ குனிஞ்சப்போ பச்ச நூலு தெரிஞ்சிச்சி. உனக்குக் காலு ரொம்ப நோவுதுன்னு தெரியும். அதான் கேக்கல."

அடித்திருந்தால் ஜெயவேலு தாங்கியிருப்பான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பான். திருட்டுக் கொடுத்ததில்கூட இவன் நம்மைவிட உசத்தியா? வேலையில் உசத்தி, காலில் உசத்தி, இப்போது குணத்திலுமா? வயிறு எரிந்த எரிச்சலில் அவன் நேராக ஃபோர்மேன் அறைக்குள் போய் நின்றான். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத் தடையானால் போதும் என்பார்களே, அந்த வேகம்தான். நல்லவன் பட்டத்தை லாசரஸ் ஒருத்தனே கட்டிக்கொண்டு போக விடுவதா?

"சார், அவன் சாக்ஸ நான் திருடிட்டேன். அதான் அவன் காலு புண்ணாப்போச்சி. தப்பு என்னுது."

சத்தியநாதன் அவனை மேலும் கீழும் பார்த்தார். திங்கட்கிழமை லாசரஸின் பெயர் போனது. ஜெயவேலு இன்னும் ஒன்றரை வருஷம் டெம்பரரியாகவே வாளி தூக்கினான்.

அதற்குப் பிறகு அவன் வீட்டுக் கொடியில் தினமும் இரண்டு ஜோடிப் பருத்திச் சாக்ஸ் காய்ந்தன. அடையாளத்துக்கு நூல் தைக்கத் தையல்நாயகி உட்கார்ந்தபோது, எந்தக் கலர் வேண்டுமானாலும் போடு, பச்சை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.