அண்ணனின் ஆம்ப்ளிபயரும் அம்மாவின் தண்ணீர்க் குடமும்

அண்ணன் கர்த்தருக்குள் கண்மூடி ஒரு வருடம் ஆகிறது. அவரை அறிந்த உங்கள் எல்லோருடைய கையிலும் இந்தச் சிறிய நினைவு மலரை வைக்கிறோம். மலரில் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று மதினியின் தகப்பனார் எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அண்ணனிடம் கெட்டது இருந்தால்தானே எழுதுவதற்கு! எங்கள் வருத்தம் எல்லாம் அவருடைய நல்ல குணத்தால் வந்தது. அதை மறைத்து எழுதினால் இது வேறு யாருக்கோ போட்ட மலராகிவிடும்.

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல்காட்டுக் கிராமத்தில் உபதேசியார் வீட்டுத் தலைப்பிள்ளையாக அண்ணன் பிறந்தார். அடுத்தவர் சின்னண்ணன். கடைசியாகப் பெண்பிள்ளை நான். அப்பா ஊர் ஊராக நடந்து ஜெபக்கூட்டம் நடத்தியவர். ஒரு கோடையில் அப்படிப் போன இடத்திலேயே காய்ச்சலில் படுத்து, திரும்பி வராமலே போய்விட்டார். அன்றிலிருந்து அண்ணன்தான் எங்களுக்கு அப்பா. படித்துக்கொண்டே தந்தி அடிக்கப் பழகி, அருப்புக்கோட்டை தபாலாபீசில் தந்தி வேலைக்குச் சேர்ந்தார். என்னை டீச்சர் பயிற்சிக்கு அனுப்பினார். சின்னண்ணனுக்குப் படிப்பு ஏறவில்லை. மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. கப்பலேற்றிவிட நாகப்பட்டினம் வரைக்கும் அண்ணன் கூடவே போனார். 

தந்தியில் பழகிய விரல் அவரைச் சும்மா விடவில்லை. கம்பியே இல்லாமல் ஆகாயத்தின் வழியாக அதே 'கட்டுக்கடா' தந்தி மொழியில் பிற தேசத்தாருடன் பேசலாம் என்று கேள்விப்பட்டு, அதற்கு முறையாக லைசென்ஸும் வாங்கினார். ஒற்றை வால்வில் ஒரு சின்னப் பெட்டி செய்தார். போர் தொடங்கியதும், அப்படிப்பட்ட பெட்டிகளை எல்லோரும் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மதுரையில் இருந்த அவருடைய கூட்டாளி தன் பெட்டியை வைக்கோல் படப்பில் ஒளித்துவிட்டு, "நீயும் எங்கிட்டாவது செருகி வையப்பா, யாருக்குத் தெரியப் போகுது?" என்று ஆள் விட்டார். அண்ணன் உத்தரவைப் படித்த அன்றே பெட்டியைத் துண்டில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ரசீது வாங்கக்கூட மறந்துவிட்டார். மதினிக்கு அதில் இன்றுவரை கோபம்.

போருக்கு நடுவில் நாங்கள் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு அருப்புக்கோட்டைக்கே குடிவந்தோம். சின்னண்ணனின் கடிதங்கள் நின்றுபோயின. போர் முடிந்த பிறகு தோட்டத்து விலாசத்துக்கு அண்ணன் எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தோட்டம் கலைந்துவிட்டதாம், ஆட்கள் எங்கே போனார்களோ தெரியாதாம். பர்மாவில் இருந்து நடந்தே வந்தவர்களை மல்லாங்கிணற்றில் பார்த்ததாக யாராவது சொன்னால் அம்மா அங்கே போய் நிற்பார். "பர்மா வேறம்மா, மலாயா வேற" என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்டதில்லை.

லைசென்ஸ் மறுபடி கிடைத்ததும் அண்ணன் புதிதாக ஒரு சின்னப் பெட்டி செய்தார். கொழும்புக்காரர்கள் உடனே பதில் சொன்னார்கள். மலாயாக்காரர்களை இவர் காதில் கேட்க முடிந்தது. இவருடைய கூப்பாடு அவர்களுக்கு எட்டவில்லை. "சந்தைக்கடைல நின்னு குசுகுசுன்னு பேசுன மாதிரி இருக்கு" என்றார். அந்தச் சத்தத்தைப் பெருக்கத்தான் ஆம்ப்ளிபயர். கடையில் வாங்குவதற்கு எங்களுக்கு வக்கு ஏது? பட்டாளம் கழித்துக் கட்டிய சாமான்கள் மதுரையில் குவியலாகக் கிடந்தன. அதில் ஒரு ஜோடி வால்வைப் பொறுக்கி எடுத்தார். 'எண்ணூற்றேழு' என்று அதற்குப் பெயர். வீட்டுக்கு வந்த மருமகப்பிள்ளைகளை அழைப்பதுபோல 'எண்ணூற்றேழு ரெண்டும்' என்றுதான் சொல்வார். பிஸ்கட் டின்னை வெட்டி அடித்தட்டு செய்தார். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் கொடுத்த மரக்குழலை மெழுகில் காய்ச்சி, அதன் மேல் செம்புக் கம்பியைச் சுற்றினார். அந்த மெழுகு காய்ச்சிய சட்டியில் மறுநாள் மதினி ரசம் வைத்து, நாங்கள் எல்லோரும் குடித்தும் விட்டோம்.

அதை ஓட்டுவது ஒரு தனி வேலை. முதலில் வால்வுகள் சூடேறும் வரை பொறுக்க வேண்டும். பிறகு பெரிய கரண்டைப் போட்டு, மீட்டர் முள் கீழே இறங்கும் இடம் வரைக்கும் திருகியைச் சட்டென்று திருப்ப வேண்டும். சுணங்கினால் வால்வுக்குள் இருக்கும் தகடு கொல்லன் உலை மாதிரி சிவந்துவிடும். ஆளைக் கொல்லும் கரண்டு என்பதால் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வலது கையால் மட்டுமே தொடுவார். அந்தப் பழக்கம் முற்றி, அடுப்பைத் தொட்டாலும் கோவிலில் காணிக்கை போட்டாலும் இடது கை முதுகுக்குப் போய்விடும். ஏரியலுக்குப் போகும் கம்பியில் ஒரு டார்ச் பல்பைக் கோத்திருந்தார். இவர் தந்திக் கட்டையைத் தட்டும்போதெல்லாம் அது மினுக் மினுக்கென்று எரியும். எரிந்தால் சத்தம் வெளியே போகிறது என்று அர்த்தம். அம்மாவுக்குப் புரிந்தது அந்தப் பல்பு ஒன்றுதான்.

ஏரியல் மட்டும் இருந்தால் போதாது, எர்த்தும் வேண்டும். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு ஒரு குழாயை இறக்கினார். குழாயைச் சுற்றி மண் ஈரமாக இருந்தால்தான் கூப்பாடு தூரம் போகும். மழை பொய்த்துப்போன வருஷம் அது. அருப்புக்கோட்டையில் குடத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் பட்ட பாட்டை நான் எழுத வேண்டியதில்லை. அண்ணன் கழுவின தண்ணீரை ஊற்றினால் போதும் என்றார். அம்மா கேட்டால்தானே?

"உப்புத் தண்ணியே போதும்மா. நல்ல தண்ணியவிட அதுதான் இதுக்கு ஏத்தது."

"சின்னவனுக்குப் போய் உப்புத் தண்ணியவா ஊத்துவாக? நீ உன் சோலியப் பாருய்யா."

இரண்டு தெரு தாண்டிப் போய் வரிசையில் நின்று கொண்டுவந்த குடிதண்ணீரில் முதல் செம்பு அந்தக் குழாய்க்குத்தான்.  அன்றைக்கெல்லாம் மதினி கையில் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே பேசும்.

ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில், மலாயாவின் ஈப்போ ஊரில் இருந்து பதில் வந்தது. பட்டாளத்து வெள்ளைக்காரர் ஒருவர். அண்ணன் எழுதிக்கொண்டே வந்து 'ஈப்போ' என்று வாய்விட்டுச் சொன்னார். சின்னண்ணனின் தோட்டம் ஈப்போவுக்குப் பக்கம்தான். அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து நின்றார்.

"ஏய்யா, அவுககிட்டத் தம்பியப் பத்தி ஒரு வார்த்தை கேளேன்."

"இதுல சொந்த விஷயம் விசாரிக்கக் கூடாதும்மா. லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கேன்."

"உன் தம்பியத்தானே கேக்கச் சொல்றேன். ஊராரையா கேக்கச் சொல்றேன்?"

"யாரா இருந்தாலும் கூடாதும்மா. அவரு விலாசத்தை வாங்கிக்கிறேன். இன்னைக்கே லெட்டர் போட்டு முறையாக் கேப்போம்."

சத்தம் எப்படிக் கேட்கிறது, அங்கே மழை உண்டா, எந்த வால்வு வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான் அண்ணன் கேட்டார். அந்த வெள்ளைக்காரர் தன் வால்வின் பெயரைச் சொன்னார். எண்ணூற்றேழுதானாம். அம்மா பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அது கடைசியாக ஒரு தடவை மினுங்கி அணைந்ததும் உள்ளே போய்விட்டார். கடிதம் அன்றே போனது. நான்கு மாதம் கழித்து, அந்தப் பட்டாளம் ஊருக்குத் திரும்பிவிட்டதாகக் குறிப்பு எழுதி அப்படியே திரும்பி வந்தது. அதன் பிறகு ஈப்போ அகப்படவே இல்லை. தினமும் சாயங்காலம் அண்ணன் கூப்பிடுவதும், காலையில் அம்மா தண்ணீர் ஊற்றுவதும் மட்டும் நடந்துகொண்டிருந்தன.

அடுத்த கோடையில், வீரசோழன் ராவுத்தர் ஒருவர் எங்கள் பழைய கிராமத்தில் விசாரித்துவிட்டு வீடு தேடி வந்தார். ஈப்போவில் அவர் மச்சானுக்கு மளிகைக்கடை. அம்மா அப்போது தண்ணீருக்குப் போயிருந்தார். ராவுத்தர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க தம்பி எங்க மச்சான் கடைலதான் கணக்கு எழுதுனாரு. தங்கமான புள்ள. உபதேசியார் வீட்டுல எல்லாரும் காலராவுல போய்ட்டாக, வீடு பூட்டிக் கெடக்குன்னு எவனோ வந்து சொல்லிருக்கான். அதுல மனசு விட்டுட்டாரு. லெட்டர் எழுதச் சொன்னா, யாருக்கு எழுத பாய்னு கேப்பாராம். போன தைக்கு முந்தி காய்ச்சல்ல மவுத்தாயிட்டாரு. நாங்கதான் உங்க கோயில்ல சொல்லி அடக்கம் பண்ணுனோம்."

அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பட்டாளத்து ஏரியல் கம்பம் எங்கே நிற்கும் என்று.

"மேட்டு மேல நிக்கும். கடை வாசல்ல நின்னு பார்த்தாத் தெரியும். ஏன் கேக்குறீக?"

அந்த வெள்ளைக்காரரோடு அண்ணன் ஐப்பசியில் பேசினார். தைக்கு முன்னால் வரைக்கும் தம்பி உயிரோடு, அந்தக் கம்பம் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து, வீட்டில் ஒருவரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு கணக்கு எழுதியிருக்கிறார். ராவுத்தர் எழுந்து போகும்போது அம்மா குடத்தோடு எதிரே வந்தார். ஒரு சலாம் வைத்துவிட்டு அவர் விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

"அம்மாகிட்டச் சொல்லாதே" என்றார் அண்ணன். மதினியிடமும் அதையேதான் சொன்னார்.

அன்றைக்கும் அம்மா செம்போடு கொல்லைக்குப் போனதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் அண்ணன் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தார். வால்வுகளைச் சூடேற்றினார். பெரிய கரண்டைப் போடவில்லை. கட்டையைத் தட்டினார். சத்தம் அறையைத் தாண்டவில்லை. ஏன் இப்படி என்று நான் கேட்டதற்கு, "இல்லாதவனை ஆகாயத்துல கூப்பிட்டா அது பொய்யாயிரும். அதை நான் செய்ய மாட்டேன். வீட்டுக்குள்ள சொல்றது என் பாவம், நான் பாத்துக்கிறேன்" என்றார். பல்பு ஏன் எரியவில்லை என்று அம்மா கேட்டார். "பியூஸ் போச்சும்மா. வாங்கிப் போடணும்" என்றார். வாங்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த நாளெல்லாம், தபாலாபீசில் இருந்து வந்து காபி குடித்ததும், இடது கையை முதுகில் கட்டிக்கொண்டு, எங்கேயும் போகாத சத்தத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். கரண்டே இல்லாத பெட்டிக்கு எதற்கு அந்தக் கை என்று மதினி ஒரு நாள் கேட்டுவிட்டு அழுதார்.

நெஞ்சுநோய் வந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணன் தம் வேலையைப் பற்றியோ பெட்டியைப் பற்றியோ பேசவில்லை. "அம்மா தண்ணி ஊத்துதா?" என்று என்னிடம் கேட்டார். ஊற்றுகிறார் என்றேன். "கேட்டிருக்கலாம்" என்றார்.  "ஒரு வார்த்தைதானே, கேட்டிருக்கலாம்" என்றார் மறுபடியும். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அண்ணனின் நோயில் கூட நின்ற தபாலாபீஸ் தோழர்களுக்கும், மதுரை வரை மோட்டார் பிடித்துக் கொடுத்த தறிக்காரக் குடும்பத்துக்கும், அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்று அழுத வீரசோழன் ராவுத்தருக்கும், ஜெபித்த போதகருக்கும், கைவிடாத டாக்டருக்கும், எட்டுரெட்டியபட்டிச் சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கர்த்தர் உங்களைக் காப்பாராக.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன்பாக அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டி வந்தது. சின்னண்ணன் விஷயத்தை முதலில் எப்படிச் சொல்வது என்று கலங்கி, கொல்லையில் செம்போடு நின்றவரிடம், "போதும்மா, இனி யாரும்மா தட்டப் போறாக?" என்றுதான் ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும்த்தா" என்றார். "அந்தப் பாய் தலையத் தூக்கி என்னைப் பாக்கலையே, அப்பவே சந்தேகம் தட்டிருச்சு. பல்பைக் கழட்டித் தறிக்கார வீட்டு டார்ச்சுல மாட்டிப் பார்த்தேன். நல்லாத்தான் எரிஞ்சிச்சு. திரும்ப மாட்டி வச்சுட்டேன்."

"பிறகு ஏம்மா தண்ணி ஊத்துனீக?"

"நான் நிறுத்திட்டா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும்லா? கேக்காம விட்டோமேன்னு ஏற்கெனவே உருகிக்கிட்டிருந்தான். எம்முகத்தப் பாத்துச் சோறு திங்க வேணாமா அவன்?"

பிறகு உட்காரவைத்து முழுவதையும் வாசித்தேன்.  முடித்ததும், "பல்பு பியூஸுன்னு அவன் சொன்னதை எடுத்துரு. எம்மகன் பொய் சொல்ல மாட்டான்னு ஊர்ல பேரு" என்றார். அம்மாவின் சொல்லைத் தட்டுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இதை மட்டும் நான் எடுக்கவில்லை.